வாசனை இல்லாத புதினா உறவு: லைக்கோபஸ் செடியை அடையாளம் காண ஒரு முழுமையான வழிகாட்டி

ஜூலை கடைசியில் வட அமெரிக்காவின் ஏதாவது ஒரு ஏரிக்கரையிலோ சதுப்பு நிலத்திலோ நடந்தால், முழங்கால் உயரச் செடி ஒன்று அடிக்கடி கண்ணில் படும். தண்டு சதுரமாக இருக்கும். இலைகள் எதிரெதிராக இருக்கும். கணுதோறும் தண்டை ஒட்டிக் குட்டி வெள்ளைப் பூக்கள் கொத்தாக இருக்கும். புதினா வகை என்று உடனே தோன்றும். ஆனால் இலையைக் கசக்கி முகர்ந்தால் புதினா வாசனை வராது. வெறும் பச்சிலை மணம்தான்.

அது பெரும்பாலும் லைக்கோபஸ் பேரினத்தைச் சேர்ந்த செடியாக இருக்கும். வாட்டர் ஹோர்ஹவுண்ட், பியூகிள்வீட் என்ற பெயர்களில் அங்கே அழைக்கிறார்கள். இந்த வழிகாட்டி முக்கியமாக லைக்கோபஸ் அமெரிக்கானஸ் என்ற இனத்தைப் பற்றியது. கனடாவின் தென்பகுதியிலும் அமெரிக்காவின் கிழக்குக் கரை முதல் மேற்குக் கரை வரையிலும் இயல்பாக வளரும் பல்லாண்டுச் செடி இது. இதோடு சேர்ந்து வளரும் யூனிஃப்ளோரஸ், வர்ஜினிகஸ் என்ற இரண்டு இனங்களையும் கூடவே பார்க்கப் போகிறோம். ஏனென்றால் மூன்றையும் பிரித்தறியத் தெரிந்தால்தான் ஒன்றைத் தெரிந்ததாக அர்த்தம்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தச் செடிகளைப் பார்ப்பவர்களில் பெரும்பாலானோர் இலையைப் பார்த்துப் பெயர் வைத்துவிடுகிறார்கள். இலை நல்ல துப்புதான், ஆனால் அது ஒரே செடியிலேயே மேலே ஒரு மாதிரி, கீழே ஒரு மாதிரி இருக்கும். பேரினத்தை உறுதிசெய்வது பூவுக்குள் இருக்கும் மகரந்தத்தாள்களின் எண்ணிக்கை. இனத்தை உறுதிசெய்வது பூ உதிர்ந்த பிறகு மிஞ்சும் புல்லிவட்டம், அதாவது பூவின் அடியில் கிண்ணம்போல் இருக்கும் பச்சை உறை. இந்த இரண்டையும் பார்க்கக் கற்றுக்கொண்டால் மற்றதெல்லாம் துணைச் சான்றுதான்.

தேவையான பொருட்கள்

10 மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று கட்டாயம் வேண்டும். பூவின் நீளமே 2 முதல் 3 மி.மீ. தான், வெறும் கண்ணால் எண்ண முடியாது. அப்புறம் ஒரு குண்டூசி, மி.மீ. கோடு போட்ட சின்ன அளவுகோல், செடியின் பின்னால் பிடிக்க ஒரு கறுப்பு அட்டை. வெள்ளைப் பூவைப் படம் எடுக்கக் கறுப்புப் பின்னணி இருந்தால் ஓரங்கள் தெளிவாக விழும்.

லென்ஸைப் பிடிக்கும் முறையில் பலர் தடுமாறுவார்கள். அதைச் செடியின் பக்கம் கொண்டு போகக் கூடாது. கண்ணுக்கு வெகு அருகில், கிட்டத்தட்ட புருவத்தைத் தொடும்படி வைத்துக்கொண்டு, பூவை மெல்ல லென்ஸை நோக்கிக் கொண்டுவர வேண்டும். வெயில் பூவின் மேல் விழும்படி திரும்பி நில்லுங்கள்.

இடம் சதுப்பு நிலம் என்பதால் உயரமான காலணியும் முழுக்காற்சட்டையும் தேவை. அந்தப் பகுதிகளில் உண்ணி கடிக்கும். வீடு திரும்பியதும் உடம்பைச் சோதித்துப் பார்த்துவிடுங்கள்.

படி 1: நிற்கும் இடத்தைப் பாருங்கள்

செடியைப் பார்க்கும் முன் மண்ணைப் பாருங்கள். அமெரிக்க ராணுவப் பொறியியல் படை பராமரிக்கும் தேசிய ஈரநிலத் தாவரப் பட்டியலில், எந்தச் செடி ஈரநிலத்தை எந்த அளவுக்குச் சார்ந்தது என்று வகைப்படுத்தி வைத்திருக்கிறார்கள். லைக்கோபஸ் அமெரிக்கானஸ் அதில் கட்டாய ஈரநிலத் தாவரம் என்ற வகையில் வருகிறது. அதாவது ஏறக்குறைய எப்போதும் ஈரநிலத்தில் மட்டுமே வளர்வது. யூனிஃப்ளோரஸும் வர்ஜினிகஸும் அப்படித்தான். எனவே காய்ந்த மேட்டு நிலத்திலோ புல்வெளி நடுவிலோ நிற்கும் செடிக்கு இந்தப் பெயரை வைக்கும் முன் இரண்டு முறை யோசியுங்கள்.

ஏரிக் குளக் கரைகள், ஆற்றோர மணல்திட்டுகள், ஈரப் புல்வெளிகள், நிலத்தடி நீர் கசியும் தாழ்வுகள், நீர் தேங்கும் சாலையோரப் பள்ளங்கள், இங்கெல்லாம் இது வளரும். கோடையில் நீர்மட்டம் இறங்கிய பின் வெளிப்படும் சேற்றுக் கரை இதற்கு மிகப் பிடித்த இடம். நல்ல வெளிச்சத்தில் அமெரிக்கானஸ் செழிக்கும். மரநிழல் விழும் சதுப்புக் காடுகளில் வர்ஜினிகஸைப் பார்க்கும் வாய்ப்பு அதிகம். ஆனால் இது போக்கு மட்டுமே, விதி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஊர் எங்கே என்பதும் ஒரு துப்பு. வர்ஜினிகஸ் கண்டத்தின் கிழக்குப் பாதிக்கு உரியது. யூனிஃப்ளோரஸ் வடக்கத்திச் செடி. நியூஃபவுண்ட்லாண்டிலிருந்து அலாஸ்கா வரை பரவி, கடல் தாண்டிக் கிழக்காசியாவிலும் இருக்கிறது. அமெரிக்கானஸ்தான் இவற்றில் எங்கும் பரவியது. நீங்கள் நிற்பது கலிஃபோர்னியா என்றால் வர்ஜினிகஸைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதே இல்லை.

படி 2: புதினாக் குடும்பம்தானா?

துளசி, தும்பை, கற்பூரவல்லி எல்லாம் சேர்ந்த லேமியேசி என்ற பெரிய குடும்பம் இது. 7,000க்கும் மேற்பட்ட இனங்கள் இதில் உண்டு. தண்டை விரலால் உருட்டிப் பாருங்கள், நான்கு மூலைகளும் தட்டுப்படும். இலைகள் இரண்டிரண்டாக எதிரெதிரே இருக்கும். ஒரு ஜோடி கிழக்கு மேற்காக இருந்தால், அடுத்த ஜோடி வடக்கு தெற்காக இருக்கும். செடியை நேர் மேலிருந்து பார்த்தால் இந்தக் குறுக்கமைப்பு ஒரு கூட்டல் குறி மாதிரி தெரியும்.

ஆனால் சதுரத் தண்டும் எதிரிலையும் மட்டுமே போதாது. அதே சேற்றில் வேறு குடும்பச் செடிகளும் இதே தோற்றத்தில் நிற்கும். நீல வெர்பெனா, செந்நீலப் பூ விடும் லைத்ரம், மிமுலஸ் ரிங்கன்ஸ் என்று பட்டியல் நீளும். புதினாக் குடும்பத்தின் உண்மையான முத்திரை சூலகத்தில் இருக்கிறது. சூலகம் நான்கு மடலாகப் பிளந்து, அந்த நான்குக்கும் நடுவே அடியிலிருந்து சூல்தண்டு எழும்பும். பின்னால் அந்த நான்கு மடலும் நான்கு சிறுகொட்டைகளாக முதிரும். காய்ந்த புல்லிவட்டத்துக்குள் குண்டூசியை விட்டுப் பாருங்கள். நான்கு சிறுகொட்டைகள் கிடைத்தால் வழி சரி. ஏராளமான பொடி விதைகள் உள்ள காய் கிடைத்தால் அது வேறு குடும்பம். மிமுலஸும் லைத்ரமும் அப்படித்தான் பிடிபடும்.

வெர்பெனாவுக்கும் நான்கு சிறுகொட்டைகள் உண்டு என்பதால் அங்கே இந்தச் சோதனை உதவாது. அதன் நீலப் பூக்கள் செடியின் உச்சியில் மெல்லிய கதிர்களாக எழும்பும். லைக்கோபஸின் பூக்களோ இலைக்கோணத்தில், அதாவது இலை தண்டோடு சேரும் இடத்தில், தண்டோடு ஒட்டியே இருக்கும். தூரத்திலிருந்தே பிரித்துவிடலாம்.

படி 3: பூக்கள் எங்கே பூத்திருக்கின்றன?

இது வேகமாகச் சல்லடை போடும் படி. ஈரநிலத்தில் வளரும் புதினாக் குடும்பச் செடிகளைப் பூ அமைந்த இடத்தை வைத்தே பாதியாகக் குறைத்துவிடலாம்.

உச்சியில் கதிராகப் பூத்திருந்தால் அது லைக்கோபஸ் அல்ல. இளஞ்சிவப்புப் பூவில் மேலுதடே இல்லாததுபோல் தோன்றினால் ட்யூக்ரியம் கனடென்ஸ். பூவில் புள்ளிகளும் தண்டில் சொரசொரப்பான மயிரும் இருந்தால் ஸ்டாகிஸ் பக்கம் பாருங்கள். பெரிய பூக்கள் ஒழுங்கான வரிசைகளில் நின்றால் ஃபைசோஸ்டீஜியா.

நீலப் பூவாக இருந்து, புல்லிவட்டத்தின் முதுகில் ஒரு சின்னத் திமில் எழும்பியிருந்தால் அது ஸ்குடெல்லாரியா. அந்தத் திமிலை ஒருமுறை பார்த்துவிட்டால் அந்தப் பேரினத்தை வாழ்க்கையில் மறக்க மாட்டீர்கள். ஸ்குடெல்லாரியா கேலரிகுலேட்டாவில் 15 முதல் 20 மி.மீ. நீளப் பூக்கள் இலைக்கோணத்துக்கு ஒன்றாக, கணுவுக்கு இரண்டாக இருக்கும். லேட்டரிஃப்ளோராவில் அதைவிடச் சிறிய பூக்கள், பக்கக் கிளைகளில் ஒரே பக்கம் பார்த்தபடி வரிசையாக இருக்கும். இந்த இரண்டுக்கும் வாசனை கிடையாது. ஆகவே "வாசனை இல்லை, அப்படியானால் லைக்கோபஸ்" என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

கணுதோறும் தண்டைச் சுற்றிக் கொத்துக் கொத்தாகப் பூத்து, கொத்துகளுக்கு நடுவே வெற்றுத் தண்டு தெரிந்தால், மிஞ்சுவது முக்கியமாக இரண்டே பேரினங்கள்: லைக்கோபஸ், மெந்தா.

பொய்நெட்டில் எனப்படும் போமேரியா சிலிண்ட்ரிகாவும் இந்தச் சல்லடையில் சில நேரம் தங்கிவிடும். அதில் இலையின் அடியிலிருந்தே மூன்று பெரிய நரம்புகள் பிரியும். பூக்களுக்கு இதழே இருக்காது, பச்சையான கதிர்கள்தான் இருக்கும்.

படி 4: மெந்தாவா, லைக்கோபஸா?

மெந்தா கனடென்சிஸ் என்பது வட அமெரிக்காவின் சொந்தப் புதினா. வெகுகாலம் மெந்தா ஆர்வென்சிஸோடு சேர்த்தே எழுதிவந்தார்கள், பழைய புத்தகங்களில் அந்தப் பெயரில் தேட வேண்டும். அதே கரை, அதே உயரம், அதே மாதம், அதே மாதிரி கணுக்கொத்துகள். லைக்கோபஸை அது என்றும், அதை லைக்கோபஸ் என்றும் குழப்பிக்கொள்வது மிகச் சாதாரணம்.

முதல் சோதனை மூக்கு. மெந்தாவின் இலையைக் கசக்கினால் சந்தேகத்துக்கே இடமில்லாமல் புதினா மணக்கும். லைக்கோபஸில் மணம் இருக்காது, அல்லது மிக லேசாக இருக்கும். ஒரு எச்சரிக்கை: இரண்டும் அருகருகே வளரும் இடத்தில், முந்தைய செடியின் எண்ணெய் விரலில் ஒட்டியிருக்கும். விரலைத் துடைத்துவிட்டு, வேறு கையால் கசக்குங்கள். மழையில் நனைந்த, பருவம் முடிந்து பழுத்த இலையில் மணம் மங்கிவிடும் என்பதால் இளம் இலையையே எடுங்கள்.

தீர்ப்பு சொல்வது பூ. இதழ்களை வைத்துப் பிரிக்க முடியாது. மெந்தாவிலும் லைக்கோபஸ் அமெரிக்கானஸிலும் அல்லிவட்டம் கிட்டத்தட்ட சமமான நான்கு மடலாகத்தான் இருக்கும். புதினாக் குடும்பத்துக்கே உரிய இரண்டு உதடு அமைப்பு இந்த இரண்டிலும் தேய்ந்துபோய்விட்டது. எனவே உள்ளே பாருங்கள். மெந்தாவில் மகரந்தத்தாள்கள் நான்கு. லைக்கோபஸில் வளமான மகரந்தத்தாள்கள் இரண்டே இரண்டு. மற்ற இரண்டும் மறைந்துபோயிருக்கும், அல்லது மகரந்தப்பை இல்லாத வெறும் குச்சிகளாகச் சுருங்கியிருக்கும்.

ஒரே பூவைப் பார்த்து எண்ணிவிட்டு ஓய்ந்துவிடாதீர்கள். மகரந்தப்பை உதிர்ந்த பழைய பூவில் கணக்குத் தப்பும். அன்றைக்கு மலர்ந்த புதிய பூக்களாகப் பார்த்து, ஐந்தாறு பூவிலாவது எண்ணுங்கள். மெந்தாவில் சில செடிகள் பெண் பூக்களை மட்டுமே விடும், அவற்றில் மகரந்தத்தாள்கள் குன்றிப்போயிருக்கும் என்பதையும் மனதில் வையுங்கள். அப்படிப்பட்ட செடியில் மூக்குதான் காப்பாற்றும்.

துணைச் சான்றுகளும் உண்டு. மெந்தாவின் பூக்கள் பெரும்பாலும் இளம் ஊதா, ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னக் காம்பு இருக்கும். லைக்கோபஸின் பூக்கள் வெள்ளை, காம்பே இல்லாமல் நெருக்கியடித்துக்கொண்டு தண்டில் உட்கார்ந்திருக்கும்.

படி 5: இலை சொல்வதும் சொல்லாததும்

அமெரிக்கானஸுக்கு இலை ஒரு பெரிய பரிசு. கீழ் இலைகள், குறிப்பாக அடிப்பகுதியில், நடுநரம்பை நோக்கி ஆழமாக வெட்டுப்பட்டு ஓக் இலையை நினைவூட்டும். நீளம் 3 முதல் 8 செ.மீ. வரை போகும். மேலே போகப்போக வெட்டு ஆழம் குறைந்து, உச்சியில் சாதாரணப் பல்விளிம்பாக முடிந்துவிடும். யூனிஃப்ளோரஸிலும் வர்ஜினிகஸிலும் இலை ஓரத்தில் பற்கள் மட்டும்தான், மடல்களாக வெட்டுப்படாது.

சரி, இவ்வளவு தெளிவான அடையாளம் இருக்கும்போது ஏன் மேலே போக வேண்டும்? பிரச்சினை காலத்தில் இருக்கிறது. ஆகஸ்ட் நடுவில் செடி முழுவதும் பூத்திருக்கும் சமயத்தில் கீழ் இலைகள் பெரும்பாலும் காய்ந்து உதிர்ந்திருக்கும். பார்ப்பவர் கண்ணில் படுவது பூத்த மேற்பாதி. அங்கே உள்ள இலைகள் வெறும் பல்விளிம்போடு இருக்கும். மடல் இல்லையே என்று வேறு இனத்தின் பெயரை எழுதிவிடுவார்கள். எனவே மண்மட்டம் வரை குனிந்து பாருங்கள். காய்ந்து சுருண்ட இலை ஒன்று அடியில் ஒட்டிக்கொண்டிருந்தாலும் அதை ஈரப்படுத்தி விரித்தால் வெட்டு தெரிந்துவிடும். பக்கத்தில் பூக்காத இளஞ்செடிகள் இருந்தால் அவற்றின் இலையையும் பாருங்கள்.

வசந்தத்தில் நிலைமை நேர்மாறு. பூவே இருக்காது, ஆனால் ஆழமாக வெட்டுப்பட்ட இளம் இலைகள், பல நேரம் செந்நீலச் சாயலோடு, கூட்டமாக எழும்பியிருக்கும். அந்தப் பருவத்தில் இலையை நம்பலாம்.

இங்கே ஒரு வெளியூர்க்காரனைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஐரோப்பாவிலிருந்து வந்து பரவிய லைக்கோபஸ் யூரோபியஸுக்கும் கீழ் இலைகள் இதேபோல் வெட்டுப்பட்டிருக்கும். அமெரிக்கானஸின் தண்டும் இலையும் ஏறக்குறைய வழுவழுப்பு, மயிர் இருந்தாலும் கணுக்களில்தான் தெரியும். யூரோபியஸில் தண்டிலும் இலையடியிலும் மயிர் தெளிவாக இருக்கும். கிழக்குக் கரைத் துறைமுகங்களை ஒட்டிய ஈரநிலங்களில் பார்க்கும்போது இந்த வேறுபாட்டைக் கட்டாயம் சோதியுங்கள். மண்ணுக்கு உரிய செடியா, வந்து சேர்ந்ததா என்பது ஒரு நிலத்தின் நலனை மதிப்பிடுபவருக்கு முக்கியமான கேள்வி.

படி 6: புல்லிவட்டம்

எனக்கு இந்தச் செடியில் மிகப் பிடித்த பகுதி இதுதான். அமெரிக்கானஸை மற்ற இரண்டு இனங்களிலிருந்தும் கண்ணை மூடிக்கொண்டு விரலாலேயே பிரிக்க வைக்கும் அளவுக்கு இதில் விஷயம் இருக்கிறது.

அமெரிக்கானஸின் புல்லிவட்டத்தில் ஐந்து பற்கள் இருக்கும். ஒவ்வொன்றும் ஒடுங்கி நீண்டு, நுனியில் முள்ளாகக் கூர்மையடையும். உள்ளே முதிர்ந்த சிறுகொட்டைகளைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். காய்ந்த கொத்தின் மேல் விரலை வைத்து அழுத்தினால் குத்தும். யூனிஃப்ளோரஸிலும் வர்ஜினிகஸிலும் பற்கள் குட்டை, அகன்ற முக்கோண வடிவம், கிட்டத்தட்ட 1 மி.மீ. அல்லது அதற்கும் குறைவு. முதிர்ந்த சிறுகொட்டைகள் அந்தப் பற்களின் உயரத்தை எட்டிவிடும், அல்லது தாண்டிவிடும். விரலால் அழுத்தினால் குத்தாது.

எங்கே தவறு நடக்கிறது என்றால், பூ உதிர்ந்த உடனே பார்க்கும்போதுதான். சிறுகொட்டை இன்னும் வளராத இளம் புல்லிவட்டத்தில் எந்த இனத்திலும் பற்களே உயரமாகத் தெரியும். யூனிஃப்ளோரஸைக்கூட அமெரிக்கானஸ் என்று எழுத வைத்துவிடும். இந்தச் செடிகள் கீழ்க் கணுவிலிருந்து மேல் நோக்கிப் பூத்துக்கொண்டே போகும். ஆகவே ஒரே செடியில் உச்சியில் மொட்டும், நடுவில் பூவும், அடிக் கணுவில் முதிர்ந்த கொட்டையும் ஒரே சமயத்தில் கிடைக்கும். எப்போதும் அடிக் கணுவின் கொத்திலிருந்து புல்லிவட்டத்தை எடுங்கள். மகரந்தத்தாளை எண்ண நடுக் கணு, பற்களை அளக்க அடிக் கணு.

எடுத்த புல்லிவட்டத்தைக் கறுப்பு அட்டையில் நிமிர்த்தி வைத்து, பக்கவாட்டில் லென்ஸால் பாருங்கள். பற்களின் நுனி, கொட்டையின் தலை, இரண்டில் எது உயரம்? பதில் ஒரு நொடியில் தெரிந்துவிடும். அப்புறம் ஒரு பல்லின் அகலத்தையும் நீளத்தையும் ஒப்பிடுங்கள். அகலத்தைப்போல் இரண்டு மூன்று மடங்கு நீளமிருந்தால் அமெரிக்கானஸின் பக்கம், இரண்டும் ஏறக்குறைய சமமாக இருந்தால் மற்ற இரண்டின் பக்கம்.

நீண்ட கூர்ப்பல் உள்ளவை எல்லாம் அமெரிக்கானஸ் என்றும் சொல்லிவிட முடியாது. பெரும் சமவெளிப் பகுதியிலும் மேற்கிலும் வளரும் லைக்கோபஸ் ஆஸ்பர், கிழக்கிலும் நடுப்பகுதியிலும் வளரும் ருபெல்லஸ் இரண்டுக்கும் அதேபோன்ற பற்கள்தான். ஆஸ்பரின் இலைக்குக் காம்பு கிடையாது, ஓரத்தில் முரட்டுப் பற்கள் இருக்கும், ஆனால் மடலாக வெட்டுப்படாது. மண்ணுக்கடியில் கிழங்கு வைத்திருக்கும். ருபெல்லஸின் இலை காம்போடு இருக்கும், மடல் கிடையாது, பூ ஐந்து மடலாக விரியும். நீண்ட பல், வெட்டுப்பட்ட கீழ் இலை, நான்கு மடல் பூ, கிழங்கு இல்லாத வேர், வழுவழுப்பான தண்டு, இவை ஒன்றாகச் சேர்ந்தால் அமெரிக்கானஸ் என்று தயங்காமல் எழுதலாம்.

படி 7: யூனிஃப்ளோரஸா, வர்ஜினிகஸா?

குட்டைப் பல் என்று தெரிந்துவிட்டால் மிஞ்சும் கேள்வி இது. இங்கே மீண்டும் புதிய பூ தேவை. யூனிஃப்ளோரஸின் அல்லிவட்டம் ஐந்து மடல், நன்றாக வெளியே விரிந்திருக்கும். வர்ஜினிகஸில் நான்கு மடல், விரியாமல் நிமிர்ந்தே நிற்கும். பூ முழுதாகத் திறக்கவில்லையோ என்று தோன்றும், ஆனால் அதன் இயல்பே அதுதான்.

இலையும் கொஞ்சம் உதவும். வர்ஜினிகஸின் இலை பல நேரம் கரும்பச்சையாகவோ செந்நீலம் படிந்தோ இருக்கும், நடுவில் அகன்று அடியில் சட்டென்று ஒடுங்கி, பற்களே இல்லாத நீண்ட வாலாக இறங்கும். யூனிஃப்ளோரஸின் இலை வெளிர்பச்சை, சிறியது. ஆனால் உறுதியான துணைச் சான்று மண்ணுக்குள் இருக்கிறது. யூனிஃப்ளோரஸின் தண்டு அடியில் கிழங்காகப் பருத்திருக்கும். வர்ஜினிகஸில் அது வழக்கமாக இருக்காது.

கிழங்கைப் பார்க்க முழுச் செடியையும் பிடுங்க வேண்டாம். தண்டின் அடியைச் சுற்றிச் சேற்றை விரலால் விலக்கினாலே தெரியும். பார்த்த பின் சேற்றை மூடி அழுத்திவிடுங்கள்.

இந்த இரண்டும் சேர்ந்து வளரும் இடங்களில் கலப்பினமும் உண்டாகிறது. அதற்கு லைக்கோபஸ் ஷெரார்டி என்ற பெயரே இருக்கிறது. பூவில் ஒன்று, இலையில் மற்றொன்று என்று அடையாளங்கள் குழம்பிக் கிடந்தால், உங்கள் கண்ணில் கோளாறு என்று எண்ணிவிட வேண்டாம். செடியே கலப்பாக இருக்கலாம்.

படி 8: சிறுகொட்டைகள்

செப்டம்பரில் பூ முடிந்த பிறகு வந்தவர்களுக்கு இதுதான் ஆதாரம். காய்ந்த புல்லிவட்டத்தை உள்ளங்கையில் வைத்து நசுக்கினால் 1 மி.மீ. சொச்சம் அளவுள்ள நான்கு கொட்டைகள் உதிரும். மெந்தாவின் கொட்டை உருண்டையான முட்டை வடிவம், எளிமையானது. லைக்கோபஸின் கொட்டை அப்படியில்லை. அடியில் ஒடுங்கி, மேலே அகன்று, தலை வெட்டிவிட்டதுபோல் தட்டையாக முடியும். விளிம்பைச் சுற்றித் தடித்த தக்கை வரப்பு ஓடும். புதினாக் குடும்பத்தில் இப்படி ஒரு கொட்டை அரிது. பூவே இல்லாமல் பேரினத்தைச் சொல்ல இது போதும்.

அந்தத் தக்கைதான் இந்தச் செடி கரையெல்லாம் பரவியிருப்பதற்குக் காரணம். கொட்டை நீரில் மிதக்கும். ஒரு கிண்ணத்தில் நீர் எடுத்துச் சில கொட்டைகளைப் போட்டுப் பாருங்கள். ஏரியில் நீர் ஏறும்போது மிதந்து போய், நீர் இறங்கும்போது எந்தச் சேற்றில் தங்குகிறதோ அங்கே முளைக்கும். சில கரைகளில் ஒரே உயரத்தில், வரி போட்டதுபோல் இந்தச் செடிகள் நிற்பதன் பின்னணி இதுவே.

அமெரிக்கானஸில் தக்கை வரப்பு வழவழவென்று இருக்கும். குட்டைப்பல் இனங்களில் கொட்டையின் மேல் விளிம்பு முடிச்சு முடிச்சாக, மேடுபள்ளமாக இருக்கும். 10 மடங்கு லென்ஸிலேயே இது தெரியும், ஆனால் நல்ல வெயில் வேண்டும்.

குளிர்காலத்தில்

இலை முழுதும் போன பிறகும் தண்டு விறைத்து நிற்கும். சதுரத் தண்டில் சம இடைவெளியில் பழுப்பு உருண்டைகள் கோத்ததுபோல் புல்லிக் கொத்துகள் அப்படியே இருக்கும். விரலில் குத்துகிறதா என்று பாருங்கள். குத்தினால் நீள்பல் இனங்கள், குத்தாவிட்டால் குட்டைப்பல் இனங்கள் அல்லது மெந்தா. காய்ந்த மெந்தாத் தண்டில்கூடச் சில நேரம் மணம் மிஞ்சியிருக்கும், கொத்தை நசுக்கி முகர்ந்து பாருங்கள். கொட்டை ஒன்றாவது உள்ளே சிக்கியிருந்தால் லென்ஸில் வைத்து முடித்துவிடலாம்.

உண்பது, மருந்தாக்குவது பற்றி

இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. லைக்கோபஸ் கிழங்குகளை வட அமெரிக்கப் பூர்வகுடிகளில் சிலர் உணவாக்கியதுண்டு. அதைப் படித்துவிட்டுச் சேற்றில் கிழங்கு தோண்டக் கிளம்பாதீர்கள். அதே சேற்றில் சிகுடா மாக்குலேட்டா என்ற வாட்டர் ஹெம்லாக் வளர்கிறது. வட அமெரிக்காவின் மிகக் கொடிய நச்சுச் செடிகளில் ஒன்று அது. அதன் பருத்த வேரில் உள்ள சிகுடாக்ஸின் வலிப்பை உண்டாக்கி உயிரைப் பறிக்கும். தண்டோடு பார்த்தால் இரண்டையும் குழப்ப வழியே இல்லை. சிகுடாவுக்குக் கூட்டிலை, குடை மாதிரிப் பூங்கொத்து, மாற்றிலை அடுக்கு. ஆனால் சேற்றுக்குள் கை விட்டால் எந்த வேர் யாருடையது என்று தெரியாது.

மருந்து விஷயமும் அப்படித்தான். மூலிகை மருந்துகளை மதிப்பிட்ட ஜெர்மன் நிபுணர் குழுவான கமிஷன் ஈ, லேசான தைராய்டு மிகைச் சுரப்புக்கு லைக்கோபஸை ஏற்றுக்கொண்டது. அதாவது இது தைராய்டு சுரப்பியின் வேலையில் உண்மையிலேயே கை வைக்கும் செடி. தைராய்டு குறைவாகச் சுரப்பவர்கள், தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள், கர்ப்பிணிகள் இதை உட்கொள்ளவே கூடாது. மற்றவர்களும் மருத்துவரைக் கேட்காமல் கஷாயம் வைத்துக் குடிக்க வேண்டாம். கரையில் பார்த்த புதினா போன்ற ஏதோ ஒன்றைத் தேநீரில் போடும் பழக்கம் உள்ளவர்கள், மூக்கால் சோதித்து உறுதிசெய்யாமல் ஒரு இலையைக்கூட எடுக்காதீர்கள்.

பதிவு செய்யும்போது

பார்த்த உயிரினங்களைப் படத்தோடு பதிவிடும் ஐநேச்சுரலிஸ்ட் போன்ற இணையதளங்களில் லைக்கோபஸ் பதிவுகள் பல, பேரினத்தோடு நின்றுபோய்க் கிடக்கின்றன. காரணம், முழுச் செடியின் அழகான படம் ஒன்று மட்டும் இருக்கும், அதில் எண்ணவோ அளக்கவோ எதுவும் தெரியாது. மற்றவர்கள் உறுதிசெய்ய உதவும் படங்கள் இவை: செடி முழுதும் சூழலோடு ஒன்று, மண்ணை ஒட்டிய கீழ் இலை மேல்பக்கமும் அடிப்பக்கமும், கணுவில் தண்டின் மயிர் தெரியும்படி ஒன்று, புதிய பூ நேர் முன்னிருந்து, அடிக் கணுவின் முதிர்ந்த புல்லிவட்டம் பக்கவாட்டில். கைபேசிக் கேமராவின் முன் கைலென்ஸை வைத்தே கடைசி இரண்டையும் எடுத்துவிடலாம். மணம் படத்தில் வராது, ஆகவே கசக்கிப் பார்த்தபோது என்ன தெரிந்தது என்பதைக் குறிப்பில் எழுதுங்கள்.

மாதிரி எடுப்பதாக இருந்தால் நில உரிமையாளரின் அனுமதி வேண்டும். தேசியப் பூங்காக்களில் அனுமதியின்றிச் செடி பறிப்பது சட்டப்படி குற்றம். அனுமதி உள்ள இடத்திலும், நிறைய நிற்கும் கூட்டத்திலிருந்து ஒரு தண்டை மட்டும், பூவும் முதிர்ந்த அடிக் கணுவும் சேர்ந்து வரும்படி வெட்டினால் போதும். கிழங்கு இருந்ததா இல்லையா என்பதைப் பார்த்துச் சீட்டில் எழுதிவிட்டால், வேரைப் பிடுங்க வேண்டிய அவசியம் இல்லை. பூவும் இல்லை, கொட்டையும் இல்லை, கீழ் இலையும் இல்லை என்ற நிலையில் சீட்டில் லைக்கோபஸ் என்று பேரினத்தை மட்டும் எழுதி, இடத்தைக் குறித்துக்கொண்டு, அடிக் கணுக்கள் முதிரும் ஆகஸ்ட் கடைசியில் அதே கரைக்கு மறுபடி வாருங்கள்.